உயரமான காரு... உஷாரு! மலைப்பாதையில் உயிரோடு விளையாடும் புது எஸ்.யூ.வி. ஓனர்கள்

மேட்டுப்பாளையம்,

சனிக்கிழமை விடிந்தால் போதும். மேட்டுப்பாளையம் - ஊட்டி மெயின் ரோடு கார் சந்தை மாதிரி ஆகி விடுகிறது. டீக்கடை ஓரம், பெட்ரோல் பங்க், கல்லாறு சோதனைச்சாவடி என்று எங்கு பார்த்தாலும் வரிசை கட்டி நிற்கும் கார்கள். அதில் கண்ணில் படுவதெல்லாம் தூக்கலான பானெட்டும், கூரை மேல் கம்பியுமாக இருக்கும் குட்டி எஸ்.யூ.வி.க்கள்தான்.

சில வண்டிகளில் சீட்டு மேல் போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பானெட்டில் பூஜை போட்ட சந்தனம் காயவில்லை. அதற்குள் அப்பா, அம்மா, மாமியார், 2 பிள்ளைகள், 4 பெட்டி என்று ஏற்றிக்கொண்டு மலைக்கு கிளம்பி விட்டார்கள்.

"வண்டி நல்லா உசரமுங்க. குழி, மேடு எதுவும் தெரியாது. ஒண்ணும் ஆகாதுங்க..." புதுசாக கார் வாங்கியவர்களிடம் பேச்சு கொடுத்தால் இந்த மாதிரி பதில்தான் வருகிறது.

அந்த "ஒண்ணும் ஆகாது" என்ற தைரியம்தான் ஆபத்தை கூட்டிக்கொண்டு வருகிறது. வண்டியின் உயரம் வேறு, வண்டியின் பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். இதுபற்றிய அலசல் வருமாறு:-

விலை குறைந்தது, ஆசை கூடியது

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி மாற்றப்பட்டது. 4 மீட்டர் நீளத்துக்கு மிகாத கார்களில், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி. வரைக்கும், டீசல் என்றால் 1,500 சி.சி. வரைக்கும் வரி 18 சதவீதமாக குறைந்தது. அதற்கு முன்பு 28 சதவீத வரியும், அதன் மேல் செஸ் வரியும் இருந்தது. இந்த அளவை தாண்டிய கார்களுக்கு வரி 40 சதவீதம்.

இந்த 4 மீட்டர் கணக்கு பல வருஷமாக இருப்பதுதான். அதற்கு தகுந்த மாதிரி கம்பெனிகள் பெரிய ஜீப் தோற்றத்தை சின்ன நீளத்துக்குள் அடக்கி விற்க ஆரம்பித்தன. 2013-ல் மறைமலைநகரில் தயாரான போர்டு ஈக்கோஸ்போர்ட் இந்த வழியில் பெரிய வரவேற்பை பெற்றது. 2016-ல் மாருதி விட்டாரா பிரெஸ்சா, 2017-ல் டாடா நெக்சான், 2019-ல் ஹூண்டாய் வென்யூ என்று வரிசையாக வந்தன. போர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தி விட்டாலும், அது போட்ட பாதையில் இன்று டஜன் கணக்கில் வண்டிகள் ஓடுகின்றன.

முன்பு செகண்ட் ஹேண்டில் சின்ன கார் வாங்கிய குடும்பம், இன்று தவணை போட்டு குட்டி எஸ்.யூ.வி. வாங்குகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல வண்டிகள்தான். ஆனால் அந்த வண்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து கொள்ளாமல் ஓட்டுவதுதான் தப்பு.

பார்க்க ஜீப்பு... உள்ளே சின்ன காரு!

முதலில் ஒரு உண்மையை புரிந்து கொள்ள வேண்டும். இந்த குட்டி எஸ்.யூ.வி.க்களில் பெரும்பாலானவை சின்ன காரின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. ஈக்கோஸ்போர்ட்டே போர்டு பியஸ்டா காரின் அடித்தளத்தில் உருவானதுதான்.

தார், ஜிம்னி போன்ற சில வண்டிகளை தவிர மற்றவற்றில் 4 சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போவது கிடையாது. முன் சக்கரம் 2 மட்டுமே இழுக்கும். சேற்றில், ஈர மண்ணில், காட்டுப்பாதையில் சாதாரண கார் சிக்கினால் இதுவும் சிக்கும்.

உயரத்துக்கு வருவோம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி நெக்சான் காரில் 208 மில்லி மீட்டர். மேக்னைட் காரில் 205 மில்லி மீட்டர். சாதாரண சின்ன கார்களில் 160, 170 மில்லி மீட்டர் இருக்கும். வித்தியாசம் எவ்வளவு? 2 விரல் அகலம்தான். அந்த 2 விரலை நம்பித்தான் ஆற்று வெள்ளத்திலும், ரெயில்வே சுரங்கப்பாதையிலும் வண்டியை இறக்குகிறார்கள்.

ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாது. குழியில் இறங்கி ஏறும். அவ்வளவுதான் அந்த உயரத்தால் கிடைக்கும் லாபம். அதே உயரத்தால் ஒரு நஷ்டமும் உண்டு. வண்டி உயர உயர வளைவில் சாயும் குணம் கூடும். வேகமாக போய் திடீரென்று ஸ்டீரிங்கை ஒடித்தால், தாழ்வான காரை விட உயரமான கார் சீக்கிரம் நிலை தடுமாறும். கூரை மேல் கேரியர் போட்டு மூட்டை கட்டினால் இன்னும் மோசம். மலைக்கு போகும்போது பாரம் உள்ள பெட்டிகளை டிக்கியில் கீழே வைப்பதுதான் சரி. கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது காரோடு தரும் கையேட்டிலேயே இருக்கிறது. அந்த புத்தகத்தை எடுத்து பிரிப்பவர்கள்தான் குறைவு.

இறக்கம்தான் எமன்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அதாவது ஊட்டியில் இருந்து இறங்கும் கார் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே வருகிறது.

5 பேரும் பெட்டிகளும் ஏறிய ஒரு குட்டி எஸ்.யூ.வி.யின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தியை கணக்கு போட்டால் கிட்டத்தட்ட 8 யூனிட் மின்சாரத்துக்கு சமம். வீட்டில் 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் 5 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் எவ்வளவு சூடோ, அவ்வளவு சூடு. அதை காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கும். மீதியை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். ஒன்று என்ஜின் வாங்க வேண்டும். இல்லை என்றால் பிரேக் வாங்க வேண்டும்.

டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மொத்த சூடும் பிரேக் தலையில்தான் விழும். பிரேக் பேடு காய்ந்து பிடிப்பு குறையும். கருகல் வாசனை வரும். இன்னும் சூடு ஏறினால் பிரேக் ஆயிலே கொதித்து, பைப்புக்குள் குமிழி உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது. "திடீர்னு பிரேக் பிடிக்கலை" என்று விபத்துக்கு பிறகு சொல்வதில் பல இந்த ரகம்தான். அது திடீர் என்று வந்தது அல்ல. பல கிலோ மீட்டருக்கு முன்பே ஆரம்பித்தது.

"ஏறுன கியர்லயே இறங்கு" என்பது மலைப்பாதை டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாக சொல்லும் பாடம். எந்த கியரில் அந்த ஏற்றத்தை ஏறினாயோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் 2-வது கியர். இதை சொல்லி ரோடு ஓரம் போர்டும் வைத்திருக்கிறார்கள். என்ஜின் சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். என்ஜின் வண்டியை பிடித்து நிறுத்துகிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்கு சமம். இப்போதைய என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் போவது நின்று விடும். நியூட்ரலில் விட்டால் என்ஜினை ஓட வைக்க பெட்ரோல் செலவாகத்தான் செய்யும். ஆக மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. என்ஜினை ஆப் செய்து உருட்டினால் அதை விட ஆபத்து. பிரேக் கல்லாகி விடும். ஸ்டீரிங்கும் கனத்து விடும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு...

இப்போது கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள் அதிகமாகி விட்டன. "டி"-யில் போட்டு விட்டு அப்படியே இறங்குகிறவர்கள் உண்டு. வண்டி தானாக மேல் கியருக்கு போய் விடும். என்ஜின் பிடிப்பு கிடைக்காது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் "எம்" அல்லது "எல்" அல்லது "எஸ்" என்று ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். இறக்கத்தில் அதற்கு மாற்றி கியரை குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். மலைக்கு கிளம்பும் முன்பே, சமவெளியில் ஒரு காலி ரோட்டில் அதை பழகி பார்த்து விட வேண்டும்.

ஏற்றத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. சீசன் நெரிசலில் ஏற்றத்தில் நின்று நின்று நகரும்போது, பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை பிடித்து வைப்பது பலருக்கு பழக்கம். சில வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் உள்ளே கிளட்ச் இருக்கிறது. அது இந்த பழக்கத்தால் சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி நடுரோட்டில் நின்று விடும். ஹேண்ட் பிரேக்கை போட்டு நிற்பதும், முன் வண்டி நன்றாக நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் எடுப்பதும்தான் சரி. மேனுவல் கியர் வண்டிக்கும் இதே பாடம்தான்.

இறங்கும்போது கருகல் வாசனை வந்தால் உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விட வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. டிஸ்க் கோணி விடும். இறங்குபவர், ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதும் விதி. மூக்கை நுழைத்து மலைப்பாதையையே அடைத்து விடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

மேப் காட்டிய வழி, மரணத்தின் வழி

நீலகிரிக்கு வரும் வழிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தூரம் குறைவு என்பதால் செல்போன் மேப் அதைத்தான் முதலில் காட்டும்.

2018-ம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் சென்னையில் இருந்து வந்த சுற்றுலா பயணிகள் 7 பேர் சென்ற கார், கல்லட்டி 35-வது கொண்டை ஊசி வளைவு அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. 2 நாட்களுக்கு பிறகுதான் கண்டுபிடித்தார்கள். 5 பேர் பிணமாக மீட்கப்பட்டனர். 2 பேர் மட்டும் உயிரோடு இருந்தனர். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்க கட்டுப்பாடு வந்தது. கூடலூர் வழியாக சுற்றித்தான் போக வேண்டும். ஆனாலும் "எங்க வண்டி பெரிய வண்டி" என்று சோதனைச்சாவடியில் வாக்குவாதம் செய்பவர்கள் உண்டு.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி குன்னூர் அருகே மரப்பாலத்தில் தென்காசி மாவட்டத்து சுற்றுலா பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் பலியானதும் ஊட்டியில் இருந்து இறங்கும்போதுதான். அனுபவ டிரைவர்கள் ஓட்டும் பஸ்களுக்கே அந்த பாதை இரக்கம் காட்டுவதில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு சாவி வாங்கியவர்களுக்கு காட்டுமா?

2024 ஜனவரியில் கூடலூரில் நடந்தது வேறு கூத்து. செல்போன் மேப் காட்டிய வழியில் போன கர்நாடக சுற்றுலா பயணிகளின் பெரிய எஸ்.யூ.வி. கார், குடியிருப்பு பகுதியில் இருந்த படிக்கட்டில் இறங்கி சிக்கிக்கொண்டது. அன்று யாருக்கும் காயம் இல்லை. ஊரே சிரித்ததோடு போயிற்று. எல்லா நாளும் அப்படி சிரிப்போடு முடியாது.

பின் சீட்டு ராஜாக்கள்

"முன்னாடி உட்கார்ந்தாத்தான் பெல்ட்டு. பின்னாடி எதுக்கு கண்ணு?" இது வீட்டு பெரியவர்கள் சொல்வது.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பலியானார். விலை உயர்ந்த வெளிநாட்டு கம்பெனி எஸ்.யூ.வி. கார் அது. அவர் பின் சீட்டில் இருந்தார். பெல்ட் போடவில்லை. முன் சீட்டில் இருந்த 2 பேர் பிழைத்தார்கள்.

அதே 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சீட் பெல்ட் போடாமல் விபத்தில் பலியானவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலை போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் டிரைவர்கள் 8,384 பேர். மற்ற பயணிகள் 8,331 பேர். அதாவது கிட்டத்தட்ட சரிபாதி பேர், வண்டி ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்தவர்கள்.

பெல்ட் போடாமல் பின் சீட்டில் இருப்பவர் மோதலின்போது பீரங்கி குண்டு மாதிரி முன்னால் பாய்வார். தான் சாவதோடு, முன் சீட்டில் பெல்ட் போட்டு இருப்பவரையும் நசுக்குவார். சட்டப்படியும் பின் சீட்டில் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் ரூ.1,000 அபராதம்.

பெல்ட் போடாவிட்டால் "டிங் டிங்" என்று சத்தம் வருகிறதே, அதை அடக்க ஒரு கிளிப் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்து, ஆன்லைன் கடைகளில் இருந்து 13 ஆயிரத்து 118 விற்பனை பதிவுகளை நீக்க வைத்தது. அந்த கிளிப்பை மாட்டிக்கொண்டு இன்னும் சுற்றுகிறவர்கள், சத்தத்தை அடக்கவில்லை, எச்சரிக்கையை அடக்குகிறார்கள்.

"எங்க வண்டி 5 ஸ்டார் வண்டி" என்று பெருமை பேசுவோர் ஒன்றை கவனிக்க வேண்டும். 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் நெக்சான் 5 நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் மோத விட்டு மார்க் போடுகிறார்கள். அந்த நட்சத்திரம் பெல்ட் போட்ட பொம்மைக்கு கிடைத்தது. பெல்ட் போடாத மனுஷனுக்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவது அதை விட கொடுமை. ஏர் பேக் கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பெரியவர் நெஞ்சை காப்பாற்ற வைத்த பை, மடியில் இருக்கும் பிஞ்சு உயிரை பறித்து விடும். சின்ன குழந்தைகளுக்கு பின் சீட்டில் தனி இருக்கை மாட்ட வேண்டும். அதற்கான கொக்கி காரிலேயே இருக்கிறது.

சன்ரூப் வேடிக்கையும், கம்பி பம்பரும்

கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த வண்டிக்குத்தான் இப்போது மவுசு. காற்றும் வெளிச்சமும் வர வைத்தது அது. அதில் பிள்ளைகளை நிற்க வைத்து செல்பி எடுத்தபடி கோத்தகிரி ரோட்டில் போகிறார்கள். ஒரு நாய் குறுக்கே ஓடி டிரைவர் பிரேக் அடித்தால் போதும். கூரை விளிம்பில் பிள்ளையின் நெஞ்சும் கழுத்தும்தான் மோதும். தாழ்ந்து வரும் மரக்கிளையும் கேபிள் வயரும் யாருக்கும் காத்திருக்காது.

முன்னால் மாட்டும் கம்பி பம்பருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டு விட்டது. காரணம் இருக்கிறது. மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி கட்டியிருக்கிறார்கள். கம்பி பம்பர் அந்த அடியை நேராக சட்டத்துக்கு கடத்தும். ஏர் பேக் விரிய வேண்டிய நேரமும் தப்பி விடும். ரோட்டில் நடந்து போகிறவர் மீது பட்டால் எலும்பு மிஞ்சாது. அழகுக்கு மாட்டிய கம்பி, ஆளை காவு வாங்கும்.

தண்ணீரில் இறக்கினால் கண்ணீர்தான்

மழைக்காலத்தில் வேறு ஆபத்து. கோவையில் நல்ல மழை பெய்தால் அவினாசி ரோடு மேம்பாலத்தின் அடியிலும், லங்கா கார்னரிலும், கிக்கானி பள்ளி அருகிலும் தண்ணீர் தேங்குவது வழக்கம். ஸ்கூட்டர்காரர் நின்று விடுவார். சின்ன கார்காரர் திரும்பி விடுவார். உயரமான கார்காரர் மட்டும் "நம்ம வண்டி போயிரும்" என்று இறக்குவார்.

என்ஜினுக்கு காற்று இழுக்கும் குழாய் பெரும்பாலும் பானெட்டின் முன்பக்கம்தான் இருக்கிறது. முன்னால் போகும் பஸ் கிளப்பும் அலை ஒன்று போதும். தண்ணீர் உள்ளே போனால் என்ஜின் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்து என்ஜினே காலி. செலவு லட்சத்தில் வரும். சாதாரண இன்சூரன்சில் இந்த செலவு பொதுவாக கிடைக்காது. என்ஜின் பாதுகாப்புக்கு என்று தனியாக பணம் கட்டியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் போடும்போதே இதை கேட்டு வாங்குவது நல்லது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர்? 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரெயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழை வெள்ளத்தில் கார் மூழ்கி பெண் டாக்டர் ஒருவர் பரிதாபமாக இறந்தார். 2024 செப்டம்பரில் அரியானா மாநிலம் பரிதாபாத்தில் ரெயில்வே சுரங்கப்பாதை வெள்ளத்தில் இறங்கிய காரில் வங்கி ஊழியர்கள் 2 பேர் மூழ்கி பலியானார்கள். அது சின்ன கார் அல்ல. பெரிய எஸ்.யூ.வி. கார்.

ஓடும் தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சின்ன காரை தூக்கி விடும். 2 அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய் விடும். தரை தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்கவே கூடாது. சிக்கி விட்டால் போன் பேசிக்கொண்டு உட்காராமல், முதல் வேலையாக கண்ணாடியை இறக்கி வெளியே வந்து விட வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு கதவு திறக்காது. பவர் விண்டோவும் வேலை செய்யாமல் போகலாம்.

2023 டிசம்பர் மிக்ஜம் புயலின்போது சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களை கொண்டு போய் நிறுத்தினார்கள். கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் 2015 வெள்ளத்தில் பட்ட பாடம் அது. வெள்ளத்தை ஜெயிக்க நினைக்காமல் ஒதுங்கினார்கள். புத்திசாலித்தனம் அதுதான்.

வாரம் 10 நிமிடம் போதும்

இந்த வண்டிகளை பராமரிக்க பெரிய மெக்கானிக் மூளை எல்லாம் தேவை இல்லை. வாரம் 10 நிமிடம் போதும். அந்த விவரம் வருமாறு:-

* டயர் காற்று: டிரைவர் கதவை திறந்தால் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர் போனால் எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். டயர் குளிர்ந்து இருக்கும்போது செக் செய்ய வேண்டும். ஆள் நிறைய ஏறும் நாளில் ஸ்டிக்கரில் உள்ளபடி கூட்டி வைக்க வேண்டும்.

* டயர் பட்டன்: சட்டப்படி 1.6 மில்லி மீட்டருக்கு கீழே தேய விடக்கூடாது. மலைக்கும் மழைக்கும் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

* டயர் வயசு: டயர் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் வயசாகி வெடிப்பு விடும்.

* ஸ்டெப்னி: பல குட்டி எஸ்.யூ.வி.க்களில் ஸ்டெப்னி டயர் மற்ற டயரை விட சின்னது. பஞ்சர் கடை வரைக்கும் போக மட்டுமே அது. 80 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதிலும் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

* பிரேக் ஆயில்: இது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். பொதுவாக 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். "லெவல் சரியாத்தான் இருக்கு" என்று விடக்கூடாது.

* என்ஜின் ஆயில்: கையேட்டில் சொன்ன கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். வண்டி அதிகம் ஓடவில்லை என்பது காரணம் ஆகாது.

* கூலன்ட்: ஏற்றத்தில் சூடு முள் ஏறினால் ஏ.சி.யை ஆப் செய்து ஓரம் கட்ட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

* டர்போ என்ஜின்: ஏற்றம் ஏறி முடித்த உடனே சாவியை திருப்பி ஆப் செய்யக்கூடாது. ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டு நிறுத்தினால் டர்போ நிறைய நாள் உழைக்கும்.

* டீசல் வண்டி: பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருக்கிறது. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக குட்டி ஓட்டம் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஹைவேயில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். விளக்கு எரிந்தால் அலட்சியம் கூடாது.

* பனி மூட்டம்: ஹெட்லைட்டை டிம்மில் போட வேண்டும். டிஸ்டன்ஸ் லைட் போட்டால் பனியில் பட்டு கண்ணை கூசும். ஓடும்போது 4 இண்டிகேட்டரையும் எரிய விடக்கூடாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்த பக்கம் திரும்புகிறீர்கள் என்று தெரியாது. உள்கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி.யை கண்ணாடி பக்கம் திருப்பினால் போதும்.

சோதனைச்சாவடியில் எதை சோதிக்கிறார்கள்?

ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம் சுற்றுலா வண்டிகள் என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. நெரிசலுக்கு அது மருந்து. ஆனால் எத்தனை வண்டி என்று எண்ணுகிறார்களே தவிர, எப்படிப்பட்ட வண்டி, எப்படிப்பட்ட டிரைவர் என்று பார்க்க ஏற்பாடு இல்லை.

சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியை திறந்து பார்க்கிறார்கள். நல்ல காரியம். அதே 2 நிமிடத்தில் டயரை ஒரு பார்வை பார்த்து, "2-வது கியரில் இறங்குங்க, பின்னாடியும் பெல்ட் போடுங்க" என்று ஒரு துண்டு காகிதம் கொடுத்தால் செலவு எவ்வளவு ஆகி விடும்? இ-பாஸ் செல்போனுக்கு வரும்போதே இந்த 2 வரியையும் சேர்த்து அனுப்பலாமே.

லைசென்ஸ் டெஸ்ட் பெரும்பாலும் சமவெளி மைதானத்தில்தான் நடக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் பழைய சின்ன காரில். மலை இறக்கம் என்பதை முதல் முறை பார்ப்பதே குடும்பத்தோடு டூர் வரும்போதுதான். ஷோரூமில் புது வண்டி கொடுக்கும்போது டச் ஸ்கிரீனில் பாட்டு போடவும், சன்ரூப் திறக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். "எல்" எதற்கு, ஸ்டெப்னி எங்கே என்று சொல்வதற்குள் மாலை போட்டு போட்டோ எடுத்து அனுப்பி விடுகிறார்கள்.

இதில் வட்டார போக்குவரத்து அலுவலகம், ஷோரூம், டிரைவிங் ஸ்கூல் 3 பேருக்கும் பங்கு உண்டு. ஆனால் விபத்து நடந்தால் அந்த 3 பேரும் வண்டிக்குள் இருக்கப்போவது இல்லை. வண்டிக்குள் இருப்பது நம் வீட்டு மனிதர்கள்தான்.

ஆகவே மலைக்கு கிளம்பும் முன்பு ஒரு 10 நிமிடம் ஒதுக்குங்கள். காற்று பாருங்கள். பின் சீட்டிலும் பெல்ட் போட சொல்லுங்கள். குழந்தையை மடியில் இருந்து இறக்கி அதன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தண்ணீரை கண்டால் திரும்புங்கள்.

வண்டி எவ்வளவு உயரம் என்பது ஷோரூமில் பேசுகிற பேச்சு. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோமா என்பதுதான் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வேண்டிய பேச்சு!